தொடையில் நிற்காத தாளம் தோலிலும் நிற்காது

விஜயதசமி கழிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை; அதற்குள் இப்படி வந்த மூன்றாவது பிள்ளை இவன். ஒன்பது வயது. உறை போட்ட மிருதங்கத்தை அப்பா சுமந்து வந்தார். "சார், ஒன்றரை வருஷமா வாசிக்கிறான். போன இடத்துல இவனுக்கு லயமே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க" என்று பையனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொன்னார். கும்பகோணத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, 'லயம் இல்லை', அதாவது தாளத்தின் சீரான ஓட்டம் உள்ளுக்குள் இல்லை என்கிற இந்தச் சொல்லைக் கேட்டாலே பதிலுக்கு முன் கோபம்தான் வருகிறது.

பையனை வாசிக்கச் சொன்னேன். அப்பா கைப்பேசியில் தாளச் செயலியைத் தட்டிவிட, அது 'டிக் டிக்' என்று போட, மூன்று பாடங்களைத் தப்பில்லாமல் வாசித்தான். செயலியை நிறுத்திவிட்டு, மிருதங்கத்தையும் நகர்த்தி வைத்து, தொடையில் ஆதி தாளம் போடச் சொன்னேன். ஒரு தட்டு தட்டிவிட்டுத் தன் விரல்களையே பார்த்தான். சுண்டுவிரலில் தொடங்க வேண்டிய எண்ணிக்கையை ஆள்காட்டி விரலில் தொடங்கினான். அதைத் திருத்திய பின் கை மட்டும் தனியாக அந்தத் தாளத்தின் எட்டு அட்சரமும், அதாவது எட்டு எண்ணிக்கையும், ஓடியது. வாய் மட்டும் தனியாகத் 'தகதிமி' என்ற நாலு அசைச் சொற்கட்டைக் கணீரென்று சொன்னது. இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னதும், வாய் திறந்தால் கை நின்றது, கை நகர்ந்தால் வாய் மூடிக்கொண்டது. "தம்பி, ரெண்டுக்கும் சண்டையா?" என்றதும் சிரித்தானே தவிர அழவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதல்.

பெற்றோர் பலருக்கு, தொடையில் தட்டுவது கருவி கைக்கு வரும் வரை பொழுதைப் போக்கும் விளையாட்டு. "எப்ப சார் மிருதங்கத்துல கை வைப்பான்?" என்று முதல் வாரமே கேட்கிறார்கள். 'அதான் செயலி இருக்கிறதே' என்கிற எண்ணம் அதைவிடக் கெடுதலானது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். செயலி தாளத்தைக் காட்டும். பிள்ளைக்காக அதைத் தாங்கிப் பிடிக்கவும் செய்யும், சிக்கல் அங்கேதான். ஒலி கேட்ட பிறகு தட்டுகிற பிள்ளை ஒவ்வொரு அட்சரத்திலும் ஒரு மயிரிழை பின்னால் நிற்கிறான். அடுத்த தட்டு எங்கே விழப்போகிறது என்பதை அவன் உடம்பு எதிர்பார்க்கவே பழகுவதில்லை. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்புகிற வேலை அவனுடையது. அதை இயந்திரம் செய்துவிட்டால் அவனுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. செயலியை நிறுத்தியதும் ஓடுகிறான், அல்லது தேங்குகிறான். அதைப் பார்த்து 'லயம் இல்லை' என்கிறோம். நீந்தத் தெரியாதவனிடமிருந்து மிதவையைப் பிடுங்கிவிட்டு, இவனுக்குத் தண்ணீரே ஆகாது என்பதைப் போன்றது இது.

செயலியோடு மட்டும் பழகியதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஆதி தாளத்தில் முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 8 சொல், இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. சொல்தான் இரட்டிக்க வேண்டும், கை மாறாமல் பழைய நடையிலேயே போக வேண்டும். இயந்திரத்தோடு மட்டும் பழகிய பிள்ளை காலம் மாறியதும் கையையும் சேர்த்து விரட்டுவான். பெற்றோரோ 'எவ்வளவு வேகமா வாசிக்கிறான் பாருங்க' என்று வீடியோ எடுப்பார்கள்.

இத்தனைக்கும் இது காவிரிக் கரை. நடவு வயலிலும் கும்மி வட்டத்திலும் கையும் காலும் வாயும் ஒன்றாகவே ஓடிய ஊர்கள் இவை. மன்னார்குடி பக்கிரியா பிள்ளை வெறும் வாய்ச்சொல்லால், கொன்னக்கோலால், பெயர் பெற்றவர். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடும்போது பந்தலில் உட்கார்ந்திருப்போரின் தொடைகளைப் பாருங்கள். ஐந்தும் ஆதி தாளம் என்பதால் அத்தனை கைகளும் எழுந்து விழுகின்றன. அதில் சில கைகள் தமக்கென்று தனித் தாளம் வைத்திருப்பதும் உண்டு, அதை விடுங்கள்.

பையனை அரசலாற்றங்கரைக்கு அழைத்துப்போனேன். ஓர் அடிக்கு ஓர் அட்சரம் என்று நடக்கச் சொன்னேன், பேச்சில்லாமல். நடை நிலைத்த பிறகு ஒவ்வோர் அடிக்கும் ஒரு 'தகதிமி'. அதன் பிறகு, நடையை மாற்றாமல், அதே அடிக்குள் 'தகிட'. நான்கு இருந்த இடத்தில் மூன்று உட்கார்ந்ததும் கால் தடுமாறி ஒரு முறை நின்றான்; மறுபடி நடந்தான். நாலாவது தடவை அவன் கால் நிற்கவில்லை. திரும்பி வரும் வழியில் தன் வயிற்றில் தானாகவே தட்டிக்கொண்டு வந்தான், நான் சொல்லவில்லை. லயமே இல்லாத பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது?

வீட்டில் பயிற்சி செய்யும்போது உள்ளங்கையைத் தளர்த்தித் தொடையின் சதைப் பகுதியில் மட்டும் தட்டச் சொல்லுங்கள். முழங்கால் எலும்பிலும் மேசை விளிம்பிலும் வேண்டாம். கை ஒரு சாணுக்கு மேல் எழத் தேவையில்லை, தோளிலிருந்து வீசுவது அறவே கூடாது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். தோல் சிவந்தாலோ மணிக்கட்டு வலித்தாலோ அன்றைக்குப் போதும். வலியோடு தட்டினால் பிடிவாதம்தான் வளரும். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள், பத்து நிமிடம் இரண்டு வேளை போதும். செயலியை வேண்டுமானால் கடைசியில் ஒரு முறை, காலப்பிரமாணம் (எடுத்த வேகம்) நின்றிருக்கிறதா என்று சரிபார்க்க மட்டும் போடுங்கள். தயவுசெய்து பிள்ளையின் காதுபட 'லயம் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தப் பையன் ஆற்றங்கரையில் முதலில் என்னிடம் கேட்டதே, "எனக்கு வருமா சார்?" என்றுதான்.

இந்த மாதம் சேர வருபவர்கள் முதல் மூன்று மாதத்துக்கு மிருதங்கம் வாங்க வேண்டாம், கடன் வாங்கியும் தூக்கி வர வேண்டாம். இறுக்கமான ஜீன்ஸில் எந்தப் பிள்ளையாலும் சம்மணம் போட முடிவதில்லை. தொளதொளப்பான கால்சட்டை போட்டு அனுப்புங்கள்.