வியர்வை காயாத ஊரில் மாரத்தான் பயிற்சி

2019 செப்டம்பர் 27, கத்தாரின் தோஹா நகரம். உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தான். பகல் வெயிலுக்குப் பயந்து போட்டியை இரவு 11.59 மணிக்கு வைத்திருந்தார்கள். கிளம்பியவர்கள் 68 பேர், முடித்தவர்கள் 40 பேர். மற்ற 28 பேரும் உலகத் தரத்து வீராங்கனைகள்தான், வழியிலேயே நின்றுவிட்டார்கள். ஜெயித்த கென்யாவின் ரூத் செப்ங்கெடிச்சுக்கு 2 மணி 32 நிமிடம் 43 விநாடி ஆனது. பின்னாளில் ஊக்கமருந்துத் தடைக்கு ஆளானவர் என்பது வேறு கதை. அதே வருடம் ஜனவரியில் துபாயில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 17 நிமிடம் 8 விநாடி. கால்கள் அதே கால்கள். கால் மணி நேரம் எங்கே போனது?

தோஹாவில் அன்றிரவு வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. சென்னைக்காரர்களிடம் சொன்னால் "32 தானா? நல்ல நாளாச்சே" என்பார்கள். ஆனால் அந்த எண் பாதிக் கதைதான். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கும் மேல். அன்று ஓட்டத்தைத் தீர்மானித்தது அந்த ஈரம்தான். சென்னை மாரத்தான் நடப்பது ஜனவரியில். அதற்கு 16 முதல் 18 வாரப் பயிற்சி என்றால் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கியாக வேண்டும். ஆக, போட்டி நாளில் சற்று இதமான காற்று கிடைக்கலாம். அதற்கான நீண்ட ஓட்டங்களில் பாதி, கிட்டத்தட்ட தோஹாவின் காற்றில்தான் நடக்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஓடுவதற்கு ஆகும் சக்தி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோகலோரி. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு 600 கிலோகலோரி செலவாகும். தசைகள் அதில் கால் பங்கைக்கூட முழுசாக வேலையாக மாற்றுவதில்லை. மீதி 450-க்கும் மேல் வெறும் சூடு. அதே உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 50 கிலோகலோரி போதும். அந்தச் சூடு துளியும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால், 37 டிகிரியில் கிளம்பியவர் 20 நிமிடத்தில் 40-ஐத் தொட்டுவிடுவார். மைலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் போவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

அப்படி ஆகாமல் காப்பாற்றுவது வியர்வை. தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் தன்னோடு 580 கிலோகலோரி சூட்டைக் கொண்டுபோகும். அப்படியானால் நம் 60 கிலோ ஆளுக்கு மணிக்கு முக்கால் லிட்டர் ஆவியானால் போதும். ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வியர்வை சுரப்பது நம் ஊரில் சாதாரணம். தேவைக்கு மேலேயே சுரக்கிறது. பிறகு என்ன பிரச்சினை?

'ஆவியானால்' என்பதுதான் பிரச்சினை. செப்டம்பர் மாதத்து விடிகாலையில் மெரினா சர்வீஸ் ரோட்டில் ஓடுகிறவர்களின் முழங்கையைக் கவனியுங்கள். தோளிலிருந்து இறங்கும் வியர்வை அங்கே திரண்டு, ஒவ்வொரு கைவீச்சுக்கும் ஒரு சொட்டாகத் தெறிக்கும். 12 கிலோமீட்டர் தாண்டினால் ஷூவுக்குள் 'சளக் சளக்' என்று சத்தம் வரும், மழையே பெய்திருக்காது. டி-ஷர்ட்டைக் கழற்றிப் பிழிந்தால் ஒழுகும். அவ்வளவு தண்ணீரும் வீண். தரையில் விழும் சொட்டு உடலிலிருந்து உப்பையும் நீரையும் எடுத்துக்கொண்டு போகிறதே தவிர, சூட்டை எடுத்துக்கொண்டு போவதில்லை. மண்பானை வேலை செய்யும் விதமும் இதுதான்: வறண்ட காற்றில் பானைத் தண்ணீர் ஜில்லென்று ஆகும், புழுக்கமான நாளில் பானை வெளியே நனைந்து நிற்கும், உள்ளே தண்ணீர் அப்படியே இருக்கும்.

காற்று எவ்வளவு நீராவியை வாங்கிக்கொள்ளும் என்பதை எண்ணாகவே பார்த்துவிடலாம். ஓடுகிறவரின் தோல் சுமார் 35 டிகிரியில் நனைந்து இருக்கிறது. அந்த ஈரத்தின் ஆவி அழுத்தம் 42 மில்லிமீட்டர் பாதரசம், ரத்த அழுத்தத்துக்குச் சொல்லும் அதே அலகு. காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவியின் அழுத்தம் இதைவிட எவ்வளவு குறைவோ அவ்வளவு சுறுசுறுப்பாக வியர்வை காயும். சென்னையில் காலை 27 டிகிரி, ஈரப்பதம் 88 சதவீதம் என்றால் காற்றின் ஆவி அழுத்தம் 23.5. வித்தியாசம் 18-க்கும் சற்று மேல். பெங்களூரில் 20 டிகிரி, 85 சதவீதம் என்றால் 15. வித்தியாசம் 27. சதவீதத்தைப் பார்த்தால் இரண்டு ஊரும் அண்ணன் தம்பி, ஆனால் வியர்வைக்குக் கிடைக்கும் வழி பெங்களூரில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ராஜஸ்தானில் 40 டிகிரி மதியம், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் வித்தியாசம் 31! அதற்காக அங்கே மதியத்தில் ஓடலாம் என்று அர்த்தமில்லை. காற்று தோலைவிடச் சூடாக இருந்தால் அதுவே உடலுக்குள் சூட்டை ஏற்றும், கூடவே வெயில் வேறு. தோஹாவின் அந்த இரவைக் கணக்கிட்டால் வித்தியாசம் 16 வருகிறது. நம் செப்டம்பர் விடியலுக்குப் பக்கத்து வீடு.

இதனால்தான் ஓட்டக்காரர்கள் செல்போனில் பார்க்க வேண்டியது வெப்பநிலையும் அல்ல, ஈரப்பதச் சதவீதமும் அல்ல, பனிப்புள்ளி என்பேன். வானிலைச் செயலிகள் டியூ பாயிண்ட் என்று காட்டுமே, அதுதான். காற்றில் உண்மையில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை அந்த ஒரே எண் சொல்லிவிடும். மேலே சொன்ன சென்னைக் காலைக்கு அது ஏறக்குறைய 25 டிகிரி, பெங்களூர்க் காலைக்கு 17. 15-க்குக் கீழே இருந்தால் சுகமாக ஓடலாம். 20-ஐத் தாண்டினால் வேகம் தானாக இறங்கும். 24-க்கு மேல் போனால் கடிகாரத்தை மறந்துவிடுவது நல்லது.

இங்கே அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்தையும் பார்த்துவிடலாம். "காலையில் ஈரப்பதம் 88, சாயங்காலம் 62 தான். அப்போ சாயங்காலம் ஓடுவதுதானே சரி?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை 27 டிகிரியில் 88 சதவீதம் என்பதும், மாலை 33 டிகிரியில் 62 சதவீதம் என்பதும் ஒரே அளவு நீராவிதான். காற்று சூடானதால் சதவீதம் இறங்கியது, நீராவி எங்கும் போகவில்லை. வியர்வை காய்வதில் இரண்டு வேளைக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. மாலையில் 6 டிகிரி கூடுதல் சூடும், பகலெல்லாம் வெயிலைக் குடித்த தார்ச்சாலையும் சேர்ந்துகொள்ளும். மாலைக்குச் சாதகமாக இருப்பது கடற்காற்று ஒன்றுதான். காற்று வீசினால் தோலை ஒட்டி நிற்கும் ஈரப் படலம் கலையும், வியர்வை கொஞ்சம் வேகமாகக் காயும். அதுவும் எதிர்க்காற்றாக இருந்தால்தான். நாம் ஓடும் வேகத்திலேயே முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வந்தால், உடலுக்குக் காற்றே இல்லாத மாதிரி. டிரெட்மில்லிலும் இதே தொல்லை: ஓடுகிறோம், ஆனால் நகர்வதில்லை. எதிரே ஒரு மின்விசிறி இல்லாமல் டிரெட்மில்லில் நீண்ட ஓட்டம் ஓடாதீர்கள்.

சரி, சூடு ஏறும்போது உள்ளே என்ன நடக்கிறது? ரத்தத்துக்கு இப்போது இரண்டு எஜமானர்கள். தசைக்கு ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும், தோலுக்குச் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டவும் வேண்டும். இதற்கிடையே வியர்வையாகப் போவது ரத்தத்தின் நீரும்தான், அதனால் மொத்த அளவு குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தம் குறைய, துடிப்பின் எண்ணிக்கை கூடும். அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருப்போம்; கையிலுள்ள கடிகாரம் முதல் 5 கிலோமீட்டரில் 145 என்று காட்டியது, 15-ஆவது கிலோமீட்டரில் 162 என்று காட்டும். உடற்தகுதி போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். இதயம் இரண்டு வேலை பார்க்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் இருக்கும் ஒரே குழாய் வேகம். மணிக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 8.5-க்கு இறங்கினால் உற்பத்தியாகும் சூடு 15 சதவீதம் குறையும். மணிக்கு கிட்டத்தட்ட 70 கிலோகலோரி. காற்று வாங்கிக்கொள்ள மறுக்கும் வியர்வையை நம்பியிருப்பதைவிட இது உறுதியான வழி. எடை அதிகமுள்ளவர்கள் இன்னும் இறங்க வேண்டியிருக்கும், ஏனென்றால் எடைக்கு ஏற்பச் சூடு கூடும் அளவுக்குத் தோலின் பரப்பு கூடுவதில்லை. ஒரே குழுவில் ஒரே வேகத்தில் ஓடும் 55 கிலோக்காரரும் 85 கிலோக்காரரும் ஒரே பயிற்சியைச் செய்யவில்லை. பயிற்சித் திட்டத்தில் எழுதியிருக்கும் வேகம் எங்கோ குளிர்நாட்டில் எழுதப்பட்டதாக இருக்கலாம். செப்டம்பரில் அதை விடாப்பிடியாகத் துரத்துவது வீம்பு.

நல்ல செய்தியும் உண்டு. உடல் பழகிக்கொள்கிறது, அதுவும் ஆச்சரியப்படும் வேகத்தில். தினமும் ஒரு மணி நேரம்போல வெக்கையில் ஓடினால் முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும். இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கும். 10 முதல் 14 நாட்களுக்குள் வியர்வை முன்பைவிடச் சீக்கிரம் தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பும் குறையும். ஆரம்பத்தில் கறுப்பு டி-ஷர்ட்டில் காய்ந்து நிற்கும் வெள்ளைக் கோடுகள் பிறகு மங்கலாகத் தெரிவது இதனால்தான். பழக்கம் விட்டுப்போவதும் வேகமாகத்தான்: இரண்டு மூன்று வாரம் குளிர்ந்த ஊரில் இருந்தாலே பெரும்பகுதி போய்விடும். மூன்று மாதம் ஆன்சைட் போய்விட்டு வந்தவர், வந்த மறுநாளே பழைய குழுவோடு 25 கிலோமீட்டர் கிளம்பக் கூடாது. ஏசி ஜிம்மிலேயே பயிற்சி முழுவதையும் முடிப்பவருக்கும் இந்தப் பழக்கம் கிடைக்காது.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் சொல்வது "நிறையக் குடி". அளவு தெரியாத அறிவுரை அது. ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். எடை கூடியிருந்தால் ஆபத்து. தேவைக்கு மேல் குடிக்கும் தண்ணீர் ரத்தத்தின் சோடியத்தை நீர்த்துப்போகச் செய்யும். மூளை வீங்கும் அளவுக்கும் போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். மெதுவாக ஓடி, ஒவ்வொரு நீர்ப்பந்தலிலும் நின்று குடிப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். தாகம் எடுத்தால் குடிப்பது என்பதே பெரும்பாலோருக்குச் சரியான அளவுகோல்.

ஓட்டத்துக்கு முன் அரைத்த ஐஸ் சாப்பிடுவது வேடிக்கையாகத் தெரியும், ஆனால் இயற்பியல் அதன் பக்கம். அரை லிட்டர் குளிர்ந்த நீர் உடல் சூட்டுக்கு வரும்போது 16 கிலோகலோரியை உறிஞ்சும். அரை கிலோ ஐஸ் முதலில் உருகுவதற்கே 40 கிலோகலோரி வாங்கிக்கொள்ளும், அப்புறம் சூடாவதற்கு இன்னும் 18. நம் 60 கிலோ ஆளுக்கு அது ஒரு டிகிரிக்கும் மேல்.

இத்தனைக்குப் பிறகும் சில சமயம் எல்லை தாண்டிப்போகும். 1954-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த மாரத்தானில் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ், அடுத்தவரைவிட 17 நிமிடம் முன்னால், மைதானத்துக்குள் நுழைந்தார். நுழைந்தவர் விழுந்தார், எழுந்தார், திரும்பத் திரும்ப விழுந்தார். கடைசிச் சில நூறு மீட்டரை முடிக்க முடியவில்லை. அதன்பின் அவர் போட்டிகளில் ஓடவே இல்லை. வெப்பத்தாக்கின் அடையாளம் இதுதான்: உடல் வெப்பநிலை 40-ஐத் தாண்டி, மூளை தடுமாறுவது. தள்ளாட்டம், உளறல், காரணமில்லாத கோபம், "எனக்கு ஒன்றுமில்லை" என்று முரண்டு பிடிப்பது. தோல் காய்ந்து போயிருக்கும் என்று நம்புகிறோம். ஆனால் ஓடும்போது வரும் வெப்பத்தாக்கில் ஆள் வியர்வையில் குளித்திருப்பார். தொட்டால் ஜில்லென்றுகூட இருக்கும். நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானியை நம்பவே கூடாது. சரியான அளவு ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதில்தான் கிடைக்கும்.

அமெரிக்காவின் ஃபால்மவுத் நகரில் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் ஓட்டப்போட்டியில் 18 வருடங்களில் 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டிகளை வைத்திருந்தார்கள், கழுத்துவரை முக்கினார்கள். முதல் 30 நிமிடத்துக்குள் உடல் வெப்பநிலையை 40-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். நம் ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்களில் தொட்டி இருக்காது. அப்படி ஒருவர் விழுந்தால் ஒரு ஆள் 108-க்குப் பேசட்டும். மற்றவர்கள் நிழலில் கிடத்தி, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடல் முழுக்க நிறுத்தாமல் ஊற்றி விசிற வேண்டும். பக்கத்துக் கடையில் மீன் பெட்டி ஐஸோ ஜூஸ் கடை ஐஸோ இருந்தால் ஈரத்துண்டில் சுற்றித் தலை, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று வைத்து, துண்டு சூடாகச் சூடாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுயநினைவு சரியில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்து நின்றாலும் முதலில் உடலைக் குளிர்விப்பது, பிறகுதான் ஏற்றுவது.