சிம்பொனி: தமிழில் ஒத்தின்னியம்

சிம்பொனி கிரேக்கச் சொல். 'சின்' என்றால் சேர்ந்து. 'ஃபோனே' என்றால் ஒலி, குரல். இரண்டும் கூடிய 'சிம்ஃபோனியா' முதலில் ஒலிகளின் இணக்கத்தைக் குறித்தது. இலத்தீன் வழியாக இத்தாலிக்குப் போய் 'சின்ஃபோனியா' ஆகி, இசைநாடகம் தொடங்குமுன் கருவிகள் மட்டும் வாசிக்கும் முன்னிசைக்குப் பெயரானது. 18ஆம் நூற்றாண்டில் அந்த முன்னிசை நாடகத்தை விட்டுப் பிரிந்து, பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்ட நெடிய படைப்பாக வளர்ந்தது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் ஒருவரே நூற்றுக்கும் மேல் எழுதினார்.

ஆக, சிம்பொனி என்பது படைப்பு. அதை வாசிக்கும் குழு ஆர்கெஸ்ட்ரா. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு இரண்டாம் உலகப் போர்க்கால லெனின்கிராட் (இன்றைய ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நினைவுக்கு வருகிறது. அங்கே சிம்பொனி இருந்தது. வாசிக்கத்தான் ஆள் இல்லை.

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் தம் 7ஆம் சிம்பொனியின் முதல் மூன்று பகுதிகளை 1941இல் அந்நகரில் எழுதினார். நான்காவதைக் குய்பிஷெவ் என்ற வேறொரு சோவியத் நகரில் முடித்தார். முதல் அரங்கேற்றமும் அங்கேதான், 1942 மார்ச்சில். பிறகு இசைக்குறிப்பு விமானத்தில் ஏறி, ஜெர்மானியர் முற்றுகையிட்டிருந்த லெனின்கிராடுக்குள் வந்தது. நகரின் பிலார்மோனிக் இசைக்குழு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தது. எஞ்சியது கார்ல் எலியாஸ்பெர்க் நடத்திய வானொலிக் குழு. நாளுக்கு 125 கிராம் ரொட்டி என்று பலருக்கு அளந்து கொடுத்த குளிர்காலத்தில் அதன் கலைஞர்கள் சிலர் இறந்துபோயினர். பிழைத்தவர்களுக்குக் கருவியில் மூச்சைச் செலுத்தவும் தெம்பில்லை. படைப்புக்கோ ஏறத்தாழ நூறு பேர் வேண்டும். ராணுவத்திலிருந்து வாத்தியக்காரர்களை வரவழைத்தார்கள். கூடுதல் உணவு கொடுத்தார்கள். 1942 ஆகஸ்ட் 9 அன்று வாசித்தார்கள். ஜெர்மன் பீரங்கிகள் குறுக்கிடாதபடி சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே அவற்றைத் தாக்கின. ஒலிபெருக்கிகள் அந்த இசையை நகரத்துக்கும், எதிரே இருந்த பகைவருக்கும் கொண்டுபோயின.

தமிழுக்கு வருவோம். 'இயம்' என்றால் இசைக்கருவி. குறுந்தொகை 263ஆம் பாட்டு 'பல்லியம் கறங்க' என்கிறது. பல கருவிகள் முழங்க என்பது பொருள். கருவித் தொகுதியைக் குறித்த அச்சொல் இன்று ஆர்கெஸ்ட்ராவுக்கு அழகாகப் பொருந்துகிறது. சிம்பொனிக்கு 'ஒத்திசை' என்று எழுதுவோர் உண்டு. கிரேக்க வேருக்கு நெருக்கமான சொல்தான். ஆனால் பொதுவான இணக்கத்துக்கு நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் 'ஒத்திசைவு' பக்கத்திலேயே நின்று குழப்புகிறது. 'ஒத்தின்னியம்' என் தேர்வு: ஒத்து ஒலிக்கும் இனிய இயங்கள். 'வானொலிப் பல்லியம் ஷோஸ்தகோவிச்சின் 7ஆம் ஒத்தின்னியத்தை வாசித்தது' என்று எழுதினால் எது குழு, எது படைப்பு என்ற ஐயமே எழாது.