தேர்தல் முடிவைக் கவிழ்க்க முயன்ற தலைவர் மீது வழக்கு: எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது?

தோற்ற தலைவர் ஒருவர் முடிவை மாற்ற ஆட்களை ஏவினார் என்று வழக்கு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான்: “அவர் உண்மையிலேயே தான் ஜெயித்ததாக நம்பியிருந்தால்?”

கிரிமினல் வழக்குகள் நடத்தும் எங்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. இன்னார் எனக்குப் பணம் தர வேண்டும் என்று ஒருவர் மனதார நம்பலாம். அதற்காக அந்த ஆளின் கையெழுத்தைத் தானே போட்டு ஒரு புரோநோட்டு தயாரித்தால் அது மோசடிதான். நம்பிக்கை இருந்தால் வழக்குப் போடலாம். போலிப் பத்திரம் எழுத முடியாது.

2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்ற டொனால்டு டிரம்ப் மீது, 2023 ஆகஸ்ட் 1 அன்று சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தேர்தலில் முறைகேடு நடந்தது என்று பேச, அது பொய்யாகவே இருந்தாலும், அவருக்கு உரிமை உண்டு. நீதிமன்றம் போகவும் உரிமை உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. குற்றம் என்று அது காட்டுவது அதற்கு அப்பால் நடந்தவற்றை.

ஒரு சாட்சியத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். ஜார்ஜியா மாகாணத்தில் டிரம்பை எதிர்த்த ஜோ பைடன் 11,779 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2021 ஜனவரி 2 அன்று அந்த மாகாணத்தின் தேர்தல் பொறுப்பாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரிடம் தொலைபேசியில் டிரம்ப் கேட்டது 11,780 வாக்குகளை. அந்த உரையாடல் பதிவாகியிருக்கிறது. முறைகேட்டைத் தேடுகிறவர் “சரியாக எண்ணுங்கள்” என்பார்; ஜார்ஜியாவில் அதற்குள் மூன்று முறை எண்ணி முடித்திருந்தார்கள். வித்தியாசத்துக்கு மேல் ஒரே ஒரு வாக்கு என்று கணக்குப் போட்டுக் கேட்பவரின் நோக்கத்தை விளக்க, அரசுத் தரப்புக்கு நீண்ட வாதம் தேவைப்படாது.

அப்புறம் அந்த மாற்றுத் தேர்வாளர் சான்றிதழ்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு மாகாணத்தின் சார்பிலும் அதிபருக்கு முறைப்படி வாக்களிப்பவர்களே தேர்வாளர்கள். 2020 டிசம்பர் 14 அன்று, பைடன் ஜெயித்த ஏழு மாகாணங்களில் டிரம்ப் தரப்பினர் தாங்களே முறையான தேர்வாளர்கள் என்று கையெழுத்திட்டார்கள். பென்சில்வேனியாவிலும் நியூ மெக்சிகோவிலும் கையெழுத்திட்டவர்கள் மட்டும், ‘நாங்களே முறையானவர்கள் என்று பின்னால் முடிவானால்’ என்ற பொருளில் ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு மாகாணங்களில் கையெழுத்திட்டவர்கள் மீது வழக்கு வரவில்லை. மிச்சிகனில் நிபந்தனை இல்லாமல் கையெழுத்திட்ட 16 பேர் மீது வழக்கு வந்தது. அதுவும் 2025 செப்டம்பரில் தள்ளுபடியானது. மோசடி நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றார் நீதிபதி. இதில் ஆச்சரியமில்லை. கடைசி வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டவர், வழக்கறிஞர்கள் சொன்னதை நம்பினேன் என்று சொல்ல முடியும், சிலசமயம் அது உண்மையாகவும் இருக்கும். நோக்கத்தைத் தேட வேண்டியது திட்டம் போட்டவரிடம்.

ஆனால் திட்டம் போட்டவர் கையில்தான் மிகப் பெரிய ஆயுதம் இருக்கிறது: காலம். சாதாரண வழக்கில் வாய்தா வாங்கினால் சாட்சிகள் மறப்பார்கள், அவ்வளவுதான். அரசியல் தலைவர் காலம் கடத்தினால், அடுத்த தேர்தலில் ஜெயித்து வழக்கையே இல்லாமல் செய்ய முடியும். டிரம்ப் ஆதரவாளர்களால் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது 2021 ஜனவரி 6. சிறப்பு வழக்கறிஞரை நியமித்ததோ 2022 நவம்பரில். ஏறத்தாழ இரண்டு வருடம்! விசாரணைக்குக் குறித்த 2024 மார்ச் 4, அதிபராக இருந்தபோது செய்தவற்றுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டா என்ற மேல்முறையீட்டில் கரைந்தது. ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், அதிபரின் மைய அதிகாரங்களுக்கு முழுப் பாதுகாப்பு, மற்ற அலுவல் செயல்களுக்கும் குறைந்தபட்சம் பாதுகாப்பு உண்டு என்ற அனுமானம் என்று 6-3 தீர்ப்பளித்தது. பாதுகாப்புள்ள செயல்களைச் சாட்சியமாகக்கூடக் காட்ட முடியாது என்ற பகுதிதான் விசாரணை நடத்தும் எங்களைப் போன்றவர்களை அதிர வைத்தது. நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார், அதே மாதம் 25-ஆம் தேதி வழக்கு முடிந்தது. பதவியேற்ற அன்றே, ஜனவரி 6 சம்பவத்தில் வழக்கைச் சந்தித்த சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பும் வழங்கினார். இதே விவகாரத்தில் ஜார்ஜியா மாகாணத்தில் அவர் மீது தனியாக நடந்த வழக்கும் 2025 நவம்பரில் கைவிடப்பட்டது. எந்த நீதிமன்றமும் சாட்சியங்களை எடைபோட்டு அவர் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்லவில்லை. எனக்கு வலிப்பது இதுதான்.

பிரேசிலில் கதை வேறு. 2022 அக்டோபர் 30 அன்று தேர்தலில் தோற்ற அதிபர் ஜயீர் போல்சனாரோவை, 2023 ஜூன் மாதமே தேர்தல் நீதிமன்றம் 2030 வரை போட்டியிடத் தடை செய்தது. வெளிநாட்டுத் தூதர்களைக் கூட்டி, வாக்கு இயந்திரங்கள் மீது ஆதாரமில்லாமல் பழி போட்டதற்காக. இந்தத் தடைதான் காலம் கடத்துவதன் லாபத்தை முதலிலேயே பிடுங்கிவிட்டது. ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றதாக அவர் மீது வந்த கிரிமினல் வழக்கில், அதற்கான ஆணையின் வரைவு, அரசுத் தரப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டு பேசிய முன்னாள் உதவியாளர் மவுரோ சிட், முன்னாள் ராணுவத் தளபதிகளின் சாட்சியம் எல்லாம் சேர்ந்தன. ‘கையெழுத்தாகாத காகிதம் எப்படிக் குற்றமாகும்?’ என்பது எதிர்த்தரப்பின் வாதம். அங்கே 2021-இல் வந்த சட்டம் முயற்சியையே முழுக் குற்றமாக வைத்திருக்கிறது. கவிழ்ப்பு வெற்றி பெற்றுவிட்டால் தண்டிக்க நீதிமன்றம் மிஞ்சாது, அதனால் வேறு வழியில்லை. அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் அன்றைய அதிபர் போல்சனாரோவேதான். 2025 செப்டம்பர் 11 அன்று 4-1 என்ற தீர்ப்பில் 27 ஆண்டு 3 மாதச் சிறை.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. வழக்கை முன்னின்று நடத்திய நீதிபதி அலெக்சாந்த்ரே தி மொராயிஸ், அந்தச் சதியில் கொல்லப்பட வேண்டியவர் என்று குறிக்கப்பட்டதாக அரசுத் தரப்பே சொன்னவர். தண்டனை சரி என்று நினைக்கிற நானே, அவர் விலகியிருக்க வேண்டும் என்பேன். பாதிக்கப்பட்டவர் நீதிபதியாக இருக்கும் வழக்கை எந்தக் கீழ்க் கோர்ட்டிலும் நாங்கள் ஏற்க மாட்டோம்.

சட்டம் எழுதுகிறவர்கள் தென் கொரிய அரசியலமைப்பின் 84-ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு கிடையாது, கிளர்ச்சியும் தேசத்துரோகமும் தவிர என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 2024 டிசம்பர் 3 அன்று ராணுவச் சட்டத்தை அறிவித்து, தேர்தல் ஆணையத்துக்கும் படையை அனுப்பிய யூன் சுக் இயோல், அதிபர் பதவியில் இருக்கும்போதே கைதாக முடிந்தது இந்த விதிவிலக்கால்தான்.

தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள். மேலிடத்திலிருந்து முறையற்ற கோரிக்கை வந்தால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்கள்; கேட்டீர்கள் என்பதே பின்னால் சாட்சியம். தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்வதில் சட்டம் இடத்துக்கு இடம் மாறும், முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு செய்ய முடியாவிட்டால், பேசி முடித்த கையோடு, கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுதி, தேதியும் நேரமும் போட்டு, கோரிக்கையில் சம்பந்தப்படாத ஓர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மூன்று வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் “இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்கிறீர்களா?” என்று கேட்பார்கள். அன்றைக்கே அனுப்பிய மின்னஞ்சல் இருந்தால் அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிடும்.