3000 டாலர் பிஸ்டல் இடுப்பில் ஏறும் முன்

டெக்சாஸில் டாலஸ் பக்கம் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வகுப்புக்கு வரும் நம்மவர்கள் பலரும் இப்போது எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "அண்ணா, ஸ்டக்காட்டோ வாங்கலாமா, வில்சன் வாங்கலாமா?" என்பதுதான். இரண்டும் விலையுயர்ந்த பிஸ்டல் செய்யும் கம்பெனிகள். 2021 செப்டம்பர் 1 முதல் இந்த மாநிலத்தில் 21 வயது நிரம்பி, சட்டத் தடை ஏதும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துப்போகலாம். அதனால் பயிற்சி என்ற பேச்சே இல்லாமல் கடைக்கும் வீட்டுக்கும் இடையிலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விலையைப் பார்ப்பதற்கு முன் விசாவைப் பாருங்கள். எச்1பி, எச்4, எல்1, எஃப்1, பி2 போன்ற தற்காலிக (வேலை, படிப்பு, சுற்றுலா) விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ ஒரே ஒரு தோட்டாவோ வைத்திருந்தாலும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு. அவை பொருந்தாதவர் சுடும் பயிற்சிக்கூடமான ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக்கூடத் தொடக்கூடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் பொய் சொல்வதும், பச்சை அட்டை (கிரீன் கார்டு) உள்ள நண்பர் பெயரில் வாங்கச் சொல்வதும் தனித்தனிக் குற்றங்கள். ஆயுதக் குற்றம் நிரூபணமானால் நாடு கடத்தவும் வழியிருக்கிறது. "பச்சை அட்டைக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தானே" என்கிறார்கள். பச்சை அட்டை கைக்கு வரும்வரை குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள்.

இனி பிஸ்டலுக்கு வருவோம். ஸ்டக்காட்டோ டெக்சாஸ் கம்பெனி, முன்பு எஸ்.டி.ஐ. என்ற பெயரில் போட்டித் துப்பாக்கிகள் செய்துகொண்டிருந்தது. அதன் சி.எஸ். மாடல் மறைத்து எடுத்துப்போவதற்கென்றே வந்தது: 9 எம்.எம்., 3.5 அங்குலக் குழல், தோட்டா அடுக்கும் மேகஸினில் 16 ரவுண்ட் (தோட்டா), விலை 2500 டாலரைச் சுற்றி. வில்சன் காம்பாட் ஆர்கன்சாவின் பெரிவில் என்ற சிற்றூரில் இருக்கிறது. அதன் ஈ.டி.சி. எக்ஸ்9 பிஸ்டலுக்கு 4 அங்குலக் குழல், 15 ரவுண்ட், விலை 3000 டாலரைத் தாண்டும். அதே ஊர்க்காரர்களான நைட்ஹாக் கஸ்டம், ஒரு துப்பாக்கியை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே கைவினைஞர் செய்வார் என்பதைப் பெருமையாகச் சொல்லும்; விலை இன்னும் மேலே போகும். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்தால் எண்ணெயில் ஓடுகிற மாதிரி வரும். சுட்டால் குழல் மேலே துள்ளுவதும் குறைவு.

இந்த மூன்றுக்கும் மூதாதை ஒன்றுதான். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டல் அது. அதன் டிரிகருக்கு ஒரே வேலை: ஏற்கெனவே பின்னால் இழுத்து நிற்கும் ஹேமரை, அதாவது அடித்து வெடிக்கவைக்கும் சிறு சுத்தியலை, விடுவிப்பது. அதனால்தான் அழுத்தம் சுமார் 4 பவுண்டு போதும், சில மில்லிமீட்டர் அசைந்தாலே வெடித்துவிடும். ரேஞ்சில் குறி அழகாக விழுவதற்கு இதுதான் காரணம். இடுப்பில் அந்தப் பிஸ்டல் ஹேமர் பின்னிழுத்து, குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறையான சேம்பரில் ரவுண்டுடன், கட்டைவிரலால் இயக்கும் சேஃப்டிப் பூட்டு மேலே ஏறிய நிலையில்தான் இருக்கும். அந்தச் சிறு நெம்புகோலைச் சுடும் முன் கீழே தள்ள வேண்டும், சுட்டு முடித்ததும் மேலே ஏற்ற வேண்டும். வாங்குகிறவர் எத்தனை ஆயிரம் டாலர் கொடுத்தாலும் இந்த இரண்டு அசைவும் விலையோடு சேர்ந்து வராது.

வகுப்பில் டைமர் ஒலித்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாணவர் சட்டையைத் தூக்கி, உருவி, நேராக நீட்டி டிரிகரை அழுத்துவார். ஒன்றும் நடக்காது, சேஃப்டியைத் தள்ள மறந்திருப்பார். ரேஞ்சில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். எனக்குக் கவலை தருவது அடுத்தது. சுட்டு முடித்த படபடப்பில் சேஃப்டியை ஏற்றாமலே பிஸ்டலை இடுப்புக்குக் கொண்டுபோவார். வயிற்றுக்கு முன்புறம் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) வைத்திருப்பவருக்கு அந்த நொடியில் குழல் தன் தொடையையும் அடிவயிற்றையும் பார்த்தபடி இருக்கும். உள்ளே மடிந்த டி-ஷர்ட் ஓரமோ ஜாக்கெட்டின் தொங்கு கயிறோ டிரிகர் வளையத்துக்குள் புகுந்தால் அந்த 4 பவுண்டு ஒரு தடையே இல்லை. தொடையின் பெரிய தமனியில் பட்டால் சில நிமிடங்கள்தான் அவகாசம். ஹோல்ஸ்டருக்குள் திரும்ப வைப்பதற்கு எந்தப் போட்டியிலும் நேரம் அளப்பதில்லை. குனிந்து பார்த்து, துணியை விலக்கி, மெதுவாக வையுங்கள்.

க்ளாக் 19 இதற்கு நேர் எதிர். 1988-இல் வந்தது, 15 ரவுண்ட், விலை 600 டாலரைச் சுற்றி. டிரிகர் கிட்டத்தட்ட அரை அங்குலம் பயணிக்க வேண்டும், அழுத்தம் ஐந்தரை பவுண்டு அளவில் இருக்கும். வில்சனைத் தொட்ட விரலுக்கு இது முரட்டுத்தனமாகத்தான் படும். ஆனால் தள்ள வேண்டிய சேஃப்டி வெளியே எதுவும் கிடையாது. டிரிகரை அழுத்தாதவரை உள்ளே மூன்று தடைகள் தாமாகவே வேலை செய்யும். வீட்டிலோ பார்க்கிங்கிலோ தற்காப்புக்குச் சுட நேர்கிற தூரம் பெரும்பாலும் சில கஜங்கள்தான். அந்தத் தூரத்தில், மாதம் ஒருமுறைகூட ரேஞ்சுக்குப் போகாத ஒருவர் இரண்டு பிஸ்டலாலும் சுட்ட அட்டைகளை என்னிடம் கொடுத்தால் எது எதனுடையது என்று என்னால் சொல்ல முடியாது.

கடையில் இன்னொன்றும் கேளுங்கள்: கீழே விழுந்தால், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி முன்னேறாமல் தடுக்கும் ஃபயரிங் பின் பிளாக் இருக்கிறதா? கோல்ட் கம்பெனி 1983-இல் சீரிஸ் 80 பிஸ்டல்களில் இதைக் கொண்டுவந்தது. டிரிகரின் மென்மை கெட்டுவிடும் என்று உயர் விலை 1911 வகைப் பிஸ்டல் செய்கிறவர்கள் பலர் இதைத் தவிர்த்து, எடை குறைந்த டைட்டானியம் பின்னையும் இறுக்கமான ஸ்பிரிங்கையும் நம்புகிறார்கள். ஸ்டக்காட்டோவின் புதிய எச்.டி. வரிசையில் பிளாக் இருக்கிறது. க்ளாக் வகை மேகஸின்களும் அதில் பொருந்தும். புதிதாக வாங்குகிறவருக்கு இவை இரண்டும் நல்ல செய்தி, ஏனென்றால் பழைய வரிசையின் மேகஸின் ஒன்றுக்கே 70 டாலர் ஆகிறது. விலை குறைந்த பக்கத்திலும் கேள்வி இல்லாமல் இல்லை. சிக் கம்பெனியின் பி320 பிஸ்டல் சில கோணங்களில் விழுந்தால் வெடிக்கிறது என்று தெரியவந்து, 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனம் உள்பாகங்களை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. பழைய பி320 ஒன்றை இரண்டாம் கையாக வாங்குகிறவர் அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நான் அதிகம் பரிந்துரைப்பது நடுவழியை. பெரட்டா பிஎக்ஸ்4 காம்பாக்ட், சிக் பி229, சிஇசட் பி-01 போன்றவற்றில் முதல் அழுத்தம் நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அடுத்தடுத்த அழுத்தங்கள் இலகுவாகிவிடும். ஹேமர் வெளியே தெரிவதால் ஹோல்ஸ்டரில் வைக்கும்போது கட்டைவிரலை அதன்மேல் அழுத்திக்கொள்ளலாம். உள்ளே ஏதாவது டிரிகரை இழுத்தால் ஹேமர் எழும்புவதை விரல் உடனே உணரும். க்ளாக்கிலும் இதே வேலையைச் செய்ய, ஸ்லைடின் பின்முனையில் பொருத்தும் ஸ்ட்ரைக்கர் கன்ட்ரோல் டிவைஸ் என்ற சிறு தகடு தனியாகக் கிடைக்கிறது. கடைக்காரர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

3000 டாலர் கையில் இருந்தால் 600-க்குப் பிஸ்டல் வாங்குங்கள். டிரிகர் வளையத்தை முழுவதும் மூடும் கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர், வளையாத பெல்ட், வீட்டுக்கு ஒரு பெட்டகம், காருக்கு ஒரு பூட்டுப் பெட்டி, சில ஆயிரம் பயிற்சி ரவுண்ட், ஒழுங்கான இரண்டு வகுப்பு என்று எல்லாம் வாங்கிய பிறகும் பணம் மிஞ்சும். கட்டாயமில்லை என்றாலும் லைசென்ஸ் எடுக்க விரும்புகிறவருக்கு டெக்சாஸில் சுடும் தேர்வு 50 ரவுண்ட், 3, 7, 15 கஜ தூரங்களில், 250-க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அசையாத அட்டையை நின்ற இடத்திலிருந்து சுடுவது அது. அதில் தேறியவருக்கு உருவவும் திரும்ப வைக்கவும் தெரியும் என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே சுட நேர்ந்தால் போலீஸ் அந்தத் துப்பாக்கியைச் சாட்சியப் பொருளாக எடுத்துப்போகும், எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. 4000 டாலர் நைட்ஹாக்குக்கும் அதே சாட்சிய அலமாரிதான்.

உடை விஷயத்தில் நம்மவர்களுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. வேட்டி, பைஜாமா, பட்டுச்சேலை எதுவும் ஹோல்ஸ்டரைத் தாங்காது. கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ அப்படி உடுத்திப் போகிற நாளில் துப்பாக்கி பெட்டகத்தில் இருக்கட்டும். குர்த்தா பாக்கெட்டில் ஹோல்ஸ்டர் இல்லாமல் போட்டுக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அன்று அவரை வகுப்பில் சேர்க்கவில்லை. வாசலில், லைசென்ஸ் உள்ளவரும் மறைத்துத் துப்பாக்கி கொண்டுவரக்கூடாது என்று சொல்லும் 30.06 அறிவிப்புப் பலகை இருந்தால் கோவிலாயினும் கடையாயினும் மறைத்தும் உள்ளே கொண்டுபோகக்கூடாது. தபால் அலுவலகத்துக்குக் கூட்டாட்சித் தடை இருக்கிறது.

பெண்கள் கைப்பையில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹேடனில், வால்மார்ட் கடைக்குள் ஒரு தாயின் பையிலிருந்த துப்பாக்கியை அவருடைய 2 வயது மகன் எடுக்க, அது வெடித்து அவர் அங்கேயே இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே ஜிப்புடன் செய்த பை அது. குழந்தை இருக்கும் வீட்டில் துப்பாக்கி உடம்போடு இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டுக்குள் இருக்க வேண்டும். டெக்சாஸ் சட்டப்படி, அலட்சியமாக வைத்த, உடனே சுடக்கூடிய துப்பாக்கி 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்தாலே வைத்தவர் செய்தது குற்றம். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் பெற்றோரையும் கணக்கில் எடுங்கள். கட்டில் பக்கத்து இழுப்பறையைச் சுத்தம் செய்ய அம்மா கை விடுவார், பேரன் பக்கத்தில் நிற்பான். பி2 விசாவில் இருக்கும் அவர்களுக்குப் பெட்டகத்தின் எண்ணைச் சொல்லவும் கூடாது.

இந்த நாட்டில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். நம் சமூகத்தில் இதை வாய்விட்டுப் பேசுவதில்லை. வேலை போய், விசாக் கெடு நெருங்கி, வீட்டில் யாராவது நொறுங்கிக் கிடக்கும் காலத்தில் துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பாதுகாத்துத் தரும் துப்பாக்கிக் கடைகள் உண்டு. விசாரித்தால் உங்கள் ஊரிலும் கிடைக்கும். 988 என்ற எண்ணில் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

பிஸ்டலிலிருந்து தோட்டாவை இறக்கும்போது வரிசை மாறக்கூடாது: முதலில் மேகஸின், பிறகு ஸ்லைடு. வரிசையை மாற்றினால், ஸ்லைடை இழுத்துச் சேம்பரைக் காலி செய்ததும் மேகஸினிலிருந்து அடுத்த ரவுண்ட் உள்ளே ஏறிவிடும். அதன்பின் மேகஸினை உருவிவிட்டுக் காலி என்று நினைப்பார்கள். நான் மேலே சொன்ன விலையுயர்ந்த பிஸ்டல்களும் க்ளாக்கும் மேகஸின் இல்லாமலேயே வெடிக்கும். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள்.

கடைசியாக, ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணப்பையாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதன் தையல் மடிப்பில் ஒரே ஒரு 9 எம்.எம். ரவுண்ட் தங்கியிருந்து சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பாயலாம். தெரிந்தே எடுத்துவரவில்லை என்று நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு, பல வழக்குகள் அப்படித் தள்ளுபடியும் ஆகியிருக்கின்றன. ஆனால் அதற்குள் விடுமுறை முழுவதும் வழக்கறிஞர் அலுவலகத்தில் போய்விடும்.