சாயாத காரில் சாய்ந்து பழகிய எஞ்சின்

பந்தயக் கார்களைப் பிரித்துப் பூட்டுவதும், போட்டிக்கு முன் அவற்றைப் பரிசோதித்து அனுமதிப்பதும் என் தொழில். திறந்த சக்கரச் சிறு காரில் பைக் எஞ்சினைப் பொருத்திப் பந்தயத்துக்கு வர விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் குதிரைத்திறனைப் பற்றித்தான். வளைவில் ஆயில் எங்கே போகும் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், என் பட்டறை மேசையில் கிடக்கும் வளைந்த கனெக்டிங் ராடுகளில் (பிஸ்டனைச் சுழல் தண்டோடு இணைக்கும் தண்டுகள்) பாதி அங்கே வந்து சேர்ந்திருக்காது.

இந்த யோசனை புதிதன்று. 1946-ல் இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் இரண்டு ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஓட்டுநருக்குப் பின்னால் 500 சிசி ஜே.ஏ.பி. மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்தார்கள். செயின் போட்டுப் பின்சக்கரங்களைச் சுழற்ற அதுவே தோதான இடமாக இருந்தது. 1948-ல் பிற்காலத்தில் புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ் தம் பந்தய வாழ்வின் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வகைக் கார்தான். இன்று பொறியியல் மாணவர்கள் தாமே கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டிகளில் 600 சிசி பைக் எஞ்சினை, திறனைக் கட்டுப்படுத்த விதிக்கப்பட்ட 20 மில்லிமீட்டர் காற்றுத் துளைக்குப் பின்னால் மூச்சுத் திணற ஓட்டிப் பழகுகிறார்கள். அந்தத் துளை இல்லாத காருக்கு மாறும்போதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது.

பைக் எஞ்சினை வடிவமைத்தவர் அது சாயும் என்று நம்பி வடிவமைத்தார். வளைவில் பைக் சாயும்போது, புவியீர்ப்பும் பக்கவாட்டு விசையும் சேர்ந்த மொத்த இழுப்பு ஏறத்தாழ எஞ்சினின் அடித்தளத்தை நோக்கியே இருப்பதால், 45 டிகிரி சாய்ந்தாலும் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள ஆயிலுக்குத் தான் சாய்ந்திருப்பதே தெரியாது. கார் சாயாது. 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான, பக்கவாட்டு விசையில் காரின் சம்ப்பில் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சரிந்து ஒரு சுவரில் ஏறி நிற்கும். பள்ளக்கோடுகள் இல்லாத நல்ல ஸ்லிக் பந்தய டயர் தரும் 1.5 ஜி-யில் அந்தச் சரிவு 56 டிகிரியாகும். ஆயில் பம்ப்பின் உறிஞ்சுகுழாயின் வாய் அப்போது காற்றில் இருக்கும். நிமிடத்துக்கு 10,000 சுற்று வேகத்தில் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஒரு விநாடிக்கு 166 முறை சுழல்கிறது என்பதால், ஒரு நீண்ட வளைவின் இரண்டு விநாடிகளில் அதைத் தாங்கும் பேரிங்குகள் முந்நூறு சுற்றுக்கு மேல் ஆயிலின்றி ஓடி முடித்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் காரைக் கொண்டுவந்து, இடப்புற நீண்ட வளைவில் மட்டும் ஆயில் விளக்கு மின்னி மறைவதாகவும், வயர் எங்கோ தளர்ந்திருக்கலாம் என்றும் சொன்னார். நான் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, உறையை வெட்டி, உள்ளிருந்த காகித மடிப்புகளைக் கத்தரித்து ஒரு வெள்ளைத் துணியில் பிழிந்தேன். சாம்பல் நிறத் துகள்களுக்கிடையே செம்பு நிறத்தில் பொடி மின்னியது. பேரிங் ஷெல்லின் மேல்பூச்சு முழுதும் தேய்ந்து, அடியிலுள்ள செம்புக் கலவை வரை உராய்வு இறங்கிவிட்டது என்பது அதன் பொருள். வயரில் ஒரு குறையும் இல்லை. பைக்கிலுள்ள அந்த விளக்கு அழுத்தம் ஏறக்குறைய முற்றிலும் விழுந்த பிறகே எரியும் என்பதால், அதைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறவருக்கு அது எச்சரிக்கை அன்று. நடந்துமுடிந்ததைப் பற்றிய தகவல் மட்டுமே.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் சம்ப். தடுப்புத் தகடுகளும் ஒருவழிக் கதவுகளும் கொண்ட ஆழம் குறைந்த சம்ப், அதனோடு அழுத்தம் குறையும் கணத்தில் ஆயிலைத் தள்ளிவிடும் சேமிப்புக் குப்பி, ஓட்டுநரின் கண்ணெதிரே அழுத்தத்தை எண்ணில் காட்டும் மானி, பைக்கின் விளக்கைவிட உயர்ந்த அழுத்தத்திலேயே எரியும்படி அமைத்த பெரிய சிவப்பு விளக்கு ஆகியவை குறைந்தபட்சத் தேவை. வசதியுள்ளவர் டிரை சம்ப்புக்கு, அதாவது ஆயிலை எஞ்சினுக்கு வெளியே தனித் தொட்டியில் வைக்கும் அமைப்புக்கு, போகலாம். அரை லிட்டர் ஆயிலைக் கூடுதலாக ஊற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சுழலும் கிராங்க் அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிட்டால், பம்ப் உறிஞ்சுவது பாதி காற்றைத்தான். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச்சும் அதே ஆயிலில் நனைவதால், ஜாசோ எம்ஏ தரமுள்ள (நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற பைக் ஆயிலுக்கான தரம்) ஆயிலையே ஊற்ற வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மானமுள்ள கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கும். 450 கிலோவை நெருங்கும் காரை நகர்த்தும் அந்தக் கிளட்ச்சின் சுமை ஏற்கெனவே அதிகம்.

எஞ்சினை விபத்தில் சிக்கிய பைக்கிலிருந்து வாங்குவதே வழக்கம், அதில் தவறும் இல்லை. ஆனால் எஞ்சினை மட்டும் தனியாக வாங்கிவிட்டு, ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), வயரிங், சாவி மூன்றையும் பிறகு தேடி அலைகிறவர்கள் அதிகம். சாவியிலுள்ள சிப்பை அறியாத ஈசியு எஞ்சினை இயங்க விடாது. பக்கவாட்டு ஸ்டாண்டு சுவிட்சும், பைக் கவிழ்ந்தால் எஞ்சினை அணைக்கும் சாய்வு உணர்வியும் அதே வயரிங்கில் உள்ளன. அந்த உணர்வியைத் தவறான திசையில் பொருத்திவிட்டு, எஞ்சின் ஏன் இயங்கவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு மாணவர் குழுவை எனக்குத் தெரியும். அந்த பைக் சறுக்கி விழுந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்பதையும் கேளுங்கள். படுத்த நிலையில் ஓடிய எஞ்சின் ஆயில் பட்டினியை உங்களுக்கு முன்பே அனுபவித்திருக்கும்.

அடுத்தது செயின். பைக்கின் பின்சக்கர மையத்தில் ரப்பர்த் துண்டுகள் இருக்கின்றன. கியர் மாறும்போது ஏற்படும் அதிர்ச்சியை அவை விழுங்கிக்கொள்கின்றன. காரின் அச்சில் செயினின் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டை நேரடியாக முடுக்கிவிட்டால், அந்த அதிர்ச்சி முழுவதும் கியர்பாக்ஸின் பற்களுக்கே திரும்பும். செயின் அறுந்தால் அது சாட்டைபோல் முன்னோக்கி வீசப்படும், முன்னே இருப்பது பெட்ரோல் தொட்டியும் ஓட்டுநரின் முதுகும். இடையில் தடித்த எஃகுத் தகடு இல்லாத காரை நான் தடத்துக்கு விடுவதில்லை. அலுமினியத் தகட்டை அழகாக வளைத்துக் கொண்டுவந்து வாதாடியவர்களும் உண்டு. ரிவர்ஸ் கியர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: சுழன்று தடுப்பைப் பார்த்து நின்றுவிட்டால், தள்ளிவிட ஆள் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

பைக் உலகிலிருந்து வருகிறவர்கள் பரிசோதனையில் தடுக்கி விழுவது ஹெல்மெட்டில். ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஸ்னெல் அமைப்பின் எம் முத்திரையுள்ள பைக் ஹெல்மெட் மோதலைத் தாங்கும், ஆனால் தீயில் சோதிக்கப்பட்டதன்று. காருக்கு அதே அமைப்பின் எஸ்ஏ முத்திரை வேண்டும். எஃப்.ஐ.ஏ. (உலகக் கார்ப் பந்தயக் கூட்டமைப்பு) தர பெல்ட்டில் காலாவதி ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும், புதிதுபோல் பளபளப்பது கணக்கில் வராது. பெல்ட்டை இறுக்கி உட்கார்ந்த பிறகு, பின் ரோல் ஹூப்பின் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய் வளைவு) உச்சியிலிருந்து முன் ஹூப்பின் உச்சிக்கு ஒரு நேர்க்கம்பை வைத்துப் பாருங்கள். ஹெல்மெட் அந்தக் கோட்டுக்கு 50 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். உயரமானவர்கள் இதைக் கார் வாங்கும் முன்பே செய்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் காரின் சட்டகத்தைப் பிறகு உயர்த்துவது பெருவேலை.

என்னைக் கேட்டால், முதல் ஆண்டில் மாற்றும் வேலையையே எடுத்துக்கொள்ளாமல், வேறொருவர் மாற்றியமைத்துச் சில பந்தயங்களை முடித்த காரை அதன் பராமரிப்புக் குறிப்பேட்டோடு வாங்குங்கள் என்பேன். அப்படிச் சொல்லியும் கேட்காமல் தாமே கட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம். இரு வகையினரும் முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்றே: தடத்தின் மிக நீண்ட வளைவை மிதமான வேகத்தில் எடுத்து, அழுத்த மானி எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, ஐந்து சுற்றுக்குப் பின் உள்ளே வந்து ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். துணியில் எதுவும் மின்னவில்லையென்றால், புது ஃபில்டரைப் பூட்டிவிட்டு அடுத்த ஐந்து சுற்றை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்டலாம்.