ஒன்பதை நான்கால் பெருக்கிய இரவு

"மேடம், உங்களுக்கு போக்கர் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் கால் பண்ணது தப்புன்னு சொல்லியிருக்க மாட்டீங்க."

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் ஆலோசனை அறையில் 2024-இல் ஒரு தம்பி இப்படிச் சொன்னார். முப்பது வயதுக்குள் இருக்கும். மென்பொருள் வேலை, கல்யாணமாகி இரண்டு வருடம். அப்பா கோலார் தங்கவயலிலிருந்து இங்கே வந்து ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (அவர்களிடம் அனுமதி வாங்கி, ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

போக்கர் பணம் கட்டி ஆடும் சீட்டாட்டம். எதிராளி கட்டியதற்கு ஈடாகப் பணம் கட்டி ஆட்டத்தில் நிற்பது 'கால்', சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது 'ஃபோல்டு'. அந்தத் தம்பி சொன்னது நியாயம் என்றே எனக்குப் பட்டது. போதை மீட்பு ஆலோசகராகப் பல வருடம் ஆகிறது. குடியைத் தெரியும், ரம்மியால் கடனில் விழுந்த வீடுகளைத் தெரியும். ஆனால் போக்கரில் ஒருவர் தன் முன்னால் இருக்கிற மொத்தப் பணத்தையும் நடுவில் தள்ளி 'ஆல்-இன்' என்று உட்கார்ந்துவிட்டால், எதிரே இருப்பவர் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை "விட்டுடுங்க" என்று சொன்னால் யார் கேட்பார்கள்? "அடுத்த வாரம் உங்க கணக்கைக் கொண்டு வாங்க, எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றேன். நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றோடு வந்தார். தேதி, நேரம், கைச்சீட்டு, நடுவில் இருந்த பணம், எதிராளி கட்டியது, கால் பண்ணினாரா ஃபோல்டு செய்தாரா, ஏன் என்று எல்லாம் எழுதியிருந்தார். அவ்வளவு ஒழுங்கான நோட்டை நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் எனக்குப் பாடம் எடுத்த கை இது. ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி வரும். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு திறப்பார்கள், அது ஃப்ளாப். பிறகு டர்ன் ஒன்று, ரிவர் ஒன்று. இவர் கையில் ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் ஒன்பதும். ஃப்ளாப்பில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஏழு, கிளாவர் நாலு. இன்னும் ஒரு ஆர்ட்டின் வந்தால் இவருக்கு மிகப் பெரிய ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. நடுவில் 12,000 ரூபாய். எதிராளி மிச்சம் வைத்திருந்த 18,000-ஐயும் தள்ளிவிட்டார்.

இப்போது இவர் 18,000 போட்டால் மொத்தம் 48,000 ஆகும். 18-ஐ 48-ஆல் வகுத்தால் 37.5 சதவீதம். நூறு முறை இதே நிலை வந்தால் முப்பத்தெட்டு முறையாவது ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் கால் பண்ணுவது நஷ்டம். இதுதான் முதல் கணக்கு, இது கூட்டல் வகுத்தல் தெரிந்த யாராலும் முடியும்.

இரண்டாவது, ஜெயிக்க எத்தனை சீட்டு இருக்கிறது? பதின்மூன்று ஆர்ட்டினில் நாலு கண்ணுக்குத் தெரிகிறது, மீதி ஒன்பது. ஆடுபவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டியிருந்தால் நான்கால் பெருக்கு, ஒரே சீட்டு பாக்கி என்றால் இரண்டால் பெருக்கு. ஒன்பதை நான்கால் பெருக்கினால் 36. துல்லியமாகப் போட்டால் 35 சதவீதம். வேண்டியது 37.5. மயிரிழையில் குறைகிறது.

அதனால் மூன்றாவது கேள்விதான் முடிவு செய்யும். எதிராளி எதை வைத்துக்கொண்டு இப்படித் தள்ளுகிறார்? ராஜாவும் ராணியும் வைத்திருந்தால் இவருக்கு ஒரு ஏஸ் வந்தாலும் ஏஸ் ஜோடி சேர்ந்து வெற்றிதான், வாய்ப்பு 45 சதவீதம் வரை ஏறும். ஏஸும் ராஜாவும் வைத்திருந்தால் ஃப்ளஷை மட்டுமே நம்ப வேண்டும். மூன்று ஏழு சேர்த்து வைத்திருந்தால் வாய்ப்பு நான்கில் ஒன்றாக இறங்கிவிடும். கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டும் வெறும் ப்ளஃப் என்றால் கையில் இருக்கிற ஏஸே முந்தி நிற்கலாம். ஒரே சீட்டை ஊகித்து "இதான் வச்சிருக்கான்" என்று அடித்துச் சொல்கிறவர் அரைகுறை ஆட்டக்காரர். என்னென்ன இருக்கலாம், ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கலாம், அந்த ஆள் இதற்கு முன் எப்போது இப்படித் தள்ளினார் என்றெல்லாம் எடை போட்டுத்தான் முடிவுக்கு வரவேண்டும். இந்தத் தம்பி அதைச் செய்திருந்தார். இரவு ஒன்பதே கால் மணிக்கு, அந்த எதிராளி ராஜா ஜோடியோடு பலமுறை இப்படித் தள்ளியவர் என்று குறித்துக்கொண்டு, கால் பண்ணினார். அந்தக் கையில் தோற்றார். ஆனாலும் அது சரியான கால். நான் ஒப்புக்கொண்டேன். போக்கரில் திறமை இருக்கிறது என்பதையும் அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். இல்லை என்று வாதாடி எந்த ஆட்டக்காரரையும் நான் மீட்டதில்லை.

பிறகு எங்கே கோளாறு? நான் மூன்று வாரம் அந்த நோட்டைப் பார்த்தும் எனக்குப் புலப்படவில்லை. கண்டுபிடித்தது அவருடைய அப்பா.

குடும்பத்தோடு உட்கார்ந்த அமர்வு அது. அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிமேல் வைத்து, கடைப் பற்றுக் கணக்கு பார்ப்பது போல ஒவ்வொரு பக்கமாகப் போனார். இளவயதில் ஷிப்ட் முடிந்து ரம்மி ஆடியவராம். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதுல நாலு சீட்டு நடுவுல திறந்தாச்சில்ல? பாக்கி ஒரு சீட்டுதானே?"

"ஆமாப்பா."

"அப்புறம் ஏன் நாலால பெருக்கியிருக்கே? நீதானே ஒரு சீட்டுன்னா ரெண்டாலன்னு மேடத்துக்குச் சொல்லிக்கொடுத்தே?"

தம்பி நோட்டை வாங்கிப் பார்த்தார். நேரம் இரவு 1.40. அன்றைக்கு அதுவரை 38,000 போயிருந்தது. நடுவில் 20,000, எதிராளி ஆல்-இன் 20,000. கால் பண்ண மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு வேண்டும். ஒன்பதை நான்கால் பெருக்கி 36 என்று எழுதி, பக்கத்தில் 'ஓகே, கால்' என்று எழுதியிருந்தார். உண்மையான வாய்ப்பு கண்ணில் படாத 46 சீட்டில் 9, அதாவது இருபது சதவீதம்கூட இல்லை. அப்படி ஒரு கால் சராசரியாக எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் கையைக் கடிக்கும். எதிராளி மனதைப் படிக்கவே தேவையில்லாத, கண்ணை மூடிக்கொண்டு ஃபோல்டு செய்ய வேண்டிய கை.

நாங்கள் நால்வரும் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தோம். அதே பிழை இன்னும் மூன்று இடத்தில் இருந்தது. எல்லாமே நள்ளிரவுக்குப் பிறகு. எல்லாமே தோற்றுக்கொண்டிருந்த இரவுகள். சாயங்காலம் ஆடிய ஒரு கையில்கூட அவர் இரண்டுக்குப் பதில் நான்கு எழுதவில்லை.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன். உணர்ச்சிவசப்பட்டால் கணக்கு மறந்துபோகும் என்று நினைக்கிறோம். மறக்கவில்லை. கணக்கு நோட்டில் இருந்தது, சுத்தமான கையெழுத்தில் இருந்தது. கால் பண்ணுவது என்று மனம் முதலில் தீர்மானித்துவிட்டது, அதற்கு ஏற்ற எண்ணைக் கை எழுதிக் கொடுத்தது. எழுதியவருக்கே அது தெரியவில்லை. "நான் சும்மா ஆடல, கணக்குப் போட்டுத்தான் ஆடறேன்" என்று அவர் எங்களிடம் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் இவ்வளவு ஆபத்து.

நம்ம ஊர்ச் சீட்டாட்டத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது: விட்டதைப் பிடிப்பது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். 3,000 கண்டிப்பாகப் போகட்டுமா, அல்லது 4,000 போக 80 சதவீத வாய்ப்பும் எதுவுமே போகாமலிருக்க 20 சதவீத வாய்ப்பும் உள்ள பந்தயத்தில் இறங்குவீர்களா? 92 சதவீதம் பேர் பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், சராசரியில் அது 3,200 நஷ்டம் என்றாலும். அதே தொகைகளை லாபமாக மாற்றிக் கேட்டபோது 80 சதவீதம் பேர் உறுதியான 3,000-ஐ வாங்கிக்கொண்டார்கள். நஷ்டத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதன் வேறு மனிதன். ஆல்-இன் முன்னால் ஃபோல்டு செய்வது என்றால் போன பணம் போனதுதான் என்று கையெழுத்துப் போடுவது. ராத்திரி 1.40-க்கு அந்தக் கையெழுத்தைப் போட அவருக்கு மனம் வரவில்லை.

சரியான காலுக்கும் ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 45 சதவீத வாய்ப்புள்ள நல்ல கால் என்றாலும் நூற்றில் 55 முறை தோல்வி. அப்படிப்பட்ட மூன்று கால்கள் வரிசையாகத் தோற்க ஆறில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இது துரதிர்ஷ்டமே இல்லை, சாதாரணம். அதைத் தாங்கத்தான் தொழிலாக ஆடுபவர்கள் ஒரு மேசைக்குக் கொண்டுபோகும் தொகையைப் போல இருபது முப்பது மடங்கை ஆட்டத்துக்கென்றே தனியாக ஒதுக்கி வைக்கிறார்கள். இந்தத் தம்பி கொண்டுபோனது மனைவி ஏலச் சீட்டு எடுத்து, வீட்டு அட்வான்ஸுக்கு வைத்திருந்த பணம். அது போன பிறகு கடன் ஆப். அந்த அமர்வு முழுக்கப் பேசாமலிருந்த மனைவி கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "மேடம், சீட்டுப் பணம் சீட்டுலயே போச்சு." அறையில் யாரும் அதன் பிறகு பேசவில்லை. எதிராளி கையில் ராஜா ஜோடியா ஏழு ஜோடியா என்று யோசிப்பதற்கு முன்பே, நடுவில் தள்ளப் போவது யாருடைய பணம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்கு 'என்னுடையது, போனாலும் வீட்டில் அடுப்பு எரியும்' என்று பதில் இல்லையென்றால் 80 சதவீத வாய்ப்பாக இருந்தாலும் அது ஃபோல்டுதான். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடியைச் சந்திக்கும்போதுகூட ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை தோற்கிறது.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும் தண்டனை உண்டு. ஆடிக் கெட்டவரைத் தண்டிப்பது அதன் நோக்கமல்ல. அதனால் உதவி கேட்கப் பயப்படாதீர்கள். ஆப் மூடியதும் பழக்கம் மூடிவிடும் என்றும் நினைக்காதீர்கள். வெளிநாட்டுத் தளங்கள், டெலிகிராம் குழுக்கள், சனிக்கிழமை இரவு நண்பர் ஃபிளாட்டில் ஆட்டம் என்று என்னிடம் வருகிறவர்கள் இப்போதும் சொல்கிறார்கள்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கடனை அடைத்துவிட்டால் பையன் சரியாகிவிடுவான் என்று முதல் முறை இந்த அப்பா ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். இரண்டே மாதத்தில் மறுபடி கடன். சூதாட்ட நோயைக் கண்டறிய அமெரிக்க மனநலக் கையேட்டில் ஒன்பது அறிகுறிகள் உண்டு, ஓராண்டுக்குள் நான்கு இருந்தாலே நோய் என்று கொள்ளலாம். விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்புவது அவற்றில் ஒன்று, ஆட்டத்தால் வந்த பண நெருக்கடிக்குப் பிறரிடம் கையேந்துவது இன்னொன்று. நீங்கள் மொத்தமாக அடைத்துக் கொடுக்கும் கடன், அவருக்கு நிரப்பிக் கொடுத்த சிப்ஸ் (பணத்துக்குப் பதில் ஆடும் வில்லைகள்) போலத்தான் தெரியும். சம்பளக் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும், யுபிஐ தினசரி வரம்பு எவ்வளவு, கடன்காரர்களுக்கு யார் நேரடியாகக் கட்டுவது என்று முதலில் பேசி எழுதிக்கொள்ளுங்கள். திட்டாதீர்கள், ஒளித்துவைக்கத்தான் கற்றுக்கொள்வார். நோட்டோ, வங்கிக் கணக்கு விவரமோ, இருப்பதை எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அந்த அப்பா குரலை உயர்த்தவே இல்லை. ஏன் நான்கு என்று மட்டும்தான் கேட்டார்.

பெங்களூரில் இருப்பவர்கள் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போகலாம். தொழில்நுட்பப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்காக 2014 முதல் 'ஷட்' என்ற தனி கிளினிக் அங்கே நடக்கிறது. நேரில் போகத் தயக்கம் இருந்தால் அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். ராத்திரி 1.40-க்கும் எடுப்பார்கள்.