வினவல்: தரவுத்தளத்திடம் கேட்கும் முறை

பேச்சில் ‘குவரி’ என்கிறோம். கணினிப் பாடநூல்களில் ‘வினவல்’. வேண்டிய விவரத்தை, தகவல்களை ஒழுங்காகச் சேமித்து வைத்திருக்கும் தரவுத்தளத்திடம் கேட்க, அதற்குப் புரியும் மொழியில் எழுதுவதுதான் வினவல்.

ஆங்கிலச் சொல்லுக்கு வேர் லத்தீன். ‘கேள்’, ‘தேடு’ என்று ஏவும் வினையிலிருந்து வந்தது. தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் உறவுமுறை மாதிரியைக் கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். அதன்மேல் ஐபிஎம் நிறுவனத்தில் சேம்பர்லினும் பாய்ஸும் உருவாக்கிய ‘சீக்வெல்’ மொழி 1974-இல் வெளிவந்தது. அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்ததால், பிறகு எஸ்கியூஎல் ஆனது. தமிழில் கட்டமைப்பு வினவல் மொழி.

‘கேள்வி’ என்றே சொல்லலாமே? கேள்விக்குச் செவிவழி அறிவு என்ற பொருளும் உண்டு. ‘வினவு’ கேட்பதை மட்டும் குறிக்கிறது. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்று, ஒரு பொருளைப் பெறுவதற்காகக் கேட்கும் கொளல் வினா. தரவுத்தள வினவலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது. தரவைச் சேர்ப்பதையும் அழிப்பதையும்கூடப் பலர் குவரி என்கிறார்கள். அவற்றைக் ‘கட்டளை’ என்பதே சரி.

சரி, முறையாக வினவுவது எப்படி? முதலில் கேள்வியைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், விடையில் ஒரு வரிசை எதைக் குறிக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். தப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

‘இந்த ஆண்டு ஒரு நூல்கூட எடுக்காத உறுப்பினர்கள் யார்?’ என்று ஒரு நூலகத் தரவுத்தளத்தில் தேட வேண்டும். ஒரு வரிசைக்கு ஓர் உறுப்பினர். ஆகவே உறுப்பினர் அட்டவணையில் தொடங்கி, இரவல் அட்டவணையை ‘லெஃப்ட் ஜாயின்’ (LEFT JOIN) வழியாகச் சேர்க்கிறோம். முதல் அட்டவணையின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொண்டு, மற்றதில் பொருந்துவதை மட்டும் சேர்க்கும் முறை இது. இரவல் எண் ‘நல்’ (NULL, அதாவது மதிப்பே இல்லை) ஆக உள்ள வரிசைகளை, வடிகட்டும் ‘வேர்’ (WHERE) பகுதியில் கேட்கிறோம். ஆண்டு நிபந்தனையையும் அதே ‘வேர்’ பகுதியில் எழுதினால் விடை காலி. நூல் எடுக்காதவருக்கு இரவல் தேதியும் நல்தான்; நல்லை எந்த ஆண்டோடு ஒப்பிட்டாலும் ‘உண்மை’ என்று வராது. ஆண்டு நிபந்தனை, இரு அட்டவணைகளும் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் ஜாயினின் ‘ஆன்’ (ON) பகுதிக்குள் போக வேண்டும்.

விடை வந்ததும் சரிபார்க்க வேண்டும். இந்த ஆண்டு நூல் எடுத்தவர்களைத் தனி வினவலில், ஒருவரை ஒருமுறையே எண்ணுங்கள். அதோடு எடுக்காதவர்களைக் கூட்டினால் மொத்த உறுப்பினர் எண்ணிக்கை வர வேண்டும். வராவிட்டால், முதலில் ஜாயின் நிபந்தனையைப் பாருங்கள்.